சமூகக் கலை மையம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக மையம் தொடங்க நினைப்பவர்கள், ஏற்கெனவே நடத்தித் திணறுபவர்கள், அறை எடுத்து வகுப்பு நடத்துபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கட்டட விதியும் தீயணைப்பு விதியும் இடத்துக்கு இடம் மாறும். கீழே உள்ள அளவுகளை வைத்துத் திட்டம் போட்டுக்கொண்டு, கடைசி அளவை உங்கள் பகுதி அதிகாரிகளிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கலை மையத்துக்கும் அரங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

அரங்கத்துக்குப் பார்க்க வருகிறார்கள்; கலை மையத்துக்குக் கையால் செய்ய வருகிறார்கள். நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது வாடகை அரங்கம்தான்.

இந்த எண்ணம் பழையது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில், குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். 1891இல் அதோடு சேர்த்துக் கட்டிய முதல் கட்டடமே ஓவியக் கூடம்தான். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்க அரசின் ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட் என்ற கலைத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்களைத் திறந்தது. அவற்றில் பெரும்பாலானவை அரசுப் பணம் நின்றதும் மூடிவிட்டன. 1940இல் ஒரு பழைய வீட்டில் தொடங்கிய சிகாகோவின் சவுத் சைட் சமூகக் கலை மையம் இன்றும் நடக்கிறது என்றால், அந்த வீட்டை வாங்கும் பணத்தை அக்கம்பக்கத்து மக்களே திரட்டினார்கள் என்பதை அதற்குப் பெரிய காரணமாகச் சொல்லலாம்.

ஊருக்கு இதனால் உண்மையில் என்ன பயன்?

வேறு எங்கும் சந்திக்க வாய்ப்பில்லாத இருவர் வாராவாரம் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். ஓய்வுபெற்ற ஒருவரும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரே சூளை திறக்கக் காத்திருக்கிறார்கள். கையில் வேலை இருப்பதால் பேச்சைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, மௌனமும் உறுத்தாது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் தனியாக வாழ்பவர்களுக்கும் இதுதான் பெரிய உதவி. ஒரு நாள் விழாவால் இது நடக்காது. அதே ஆட்கள் அதே அறையில் எட்டுப் பத்து வாரம் கூடினால்தான் நடக்கும்.

நிதி கேட்கும்போது, மையம் வந்தால் குற்றம் குறையும், கடைத்தெரு செழிக்கும் என்றெல்லாம் எழுதத் தோன்றும். நிரூபிக்க முடியாததை எழுதாதீர்கள். வாரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று எழுதினாலே வலுவாக இருக்கும்.

முதலில் கட்டடம் வேண்டுமா?

வேண்டாம். நூலகத்திலோ பள்ளியிலோ மாலையில் காலியாக இருக்கும் இரண்டு அறைகளைப் பிடித்து மூன்று மாதம் வகுப்பு நடத்துங்கள். எந்த நாள் கூட்டம் வருகிறது, யார் பாதியில் நிற்கிறார்கள், பொருள்களை எங்கே பூட்டி வைப்பது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அந்த விவரம் கையில் இல்லாமல் கட்டடக் கலைஞரிடம் போனால் பெரிய வரவேற்புக் கூடமும் சிறிய சேமிப்பறையும்தான் கிடைக்கும். தேவை அதற்கு நேர்மாறு.

கட்டடம் கிடைத்த பிறகும் அவசரப்பட வேண்டாம். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றைக் கலை மையமாக மாற்றும் பொறுப்பு கட்டடக் கலைஞர் லீனா போ பார்டியிடம் வந்தது. அவர் போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் அங்கே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், குடும்பங்கள் கூடியிருந்தன. இடிப்பதை விட்டுவிட்டு அந்தப் புழக்கம் அப்படியே தொடரும்படி வடிவமைத்தார். 1982இல் திறந்த அந்த மையம், செஸ்க் பொம்பேயா, இன்றும் நிறைந்து இயங்குகிறது. உங்கள் கட்டடத்திலும் மக்கள் ஏற்கெனவே எந்தத் திண்ணையில் உட்காருகிறார்கள், எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அந்த வழியை அடைக்காதீர்கள்.

எத்தனை அறை, என்ன அளவு?

குறைந்தது மூன்று: தண்ணீரும் அழுக்கும் படலாம் என்ற ஓர் அறை, வெறுந்தரையாக விட்ட ஓர் அறை, சத்தம் போடலாம் என்ற ஓர் அறை. மேசை வேலைக்கு ஆளுக்கு 3 சதுர மீட்டராவது வேண்டும். ஆட்டத்துக்கு 4 முதல் 5. கூரை உயரம் 3.5 மீட்டருக்குக் குறைந்தால் ஆடுபவர்கள் ஒருவரை ஒருவர் தூக்க முடியாது, விளக்கும் முகத்தில் அடிக்கும். மொத்தப் பரப்பில் ஆறில் ஒரு பங்கையாவது சேமிப்புக்கு ஒதுக்குங்கள். ஒதுக்காத மையங்களில் நாற்காலியும் பலகையும் தப்பிக்கும் வழியில் போய்த்தான் நிற்கும்.

ஆட்ட வகுப்புக்கு சிமென்ட் தரை போதாதா? ஓடு போட்ட தரை?

இரண்டும் ஆகாது. குதித்து இறங்கும் விசையைத் தரை வாங்கிக்கொள்ளாவிட்டால் முழங்காலும் கணுக்காலும் முன்னங்காலின் எலும்பும்தான் வாங்கும். வலி முதல் வாரத்தில் வராது, மூன்றாவது மாதத்தில் வரும். அதனால் யாரும் தரையைக் காரணமாகச் சொல்வதில்லை, ஆளே வராமல் நின்றுவிடுவார்கள்.

விசையை வாங்கிக்கொள்ளும் மிதக்கும் தரையை ஒரு தச்சரை வைத்துப் போட்டுவிடலாம். சிமென்ட் தரையை மட்டம் பார்த்து, ஈரம் ஏறாமல் இருக்கத் தடித்த பாலிதீன் விரிப்பு போடுங்கள். அதன்மேல் இதற்கென்றே விற்கும் கெட்டி ஃபோம் அல்லது ரப்பர் கட்டைகளை 30 செ.மீ. இடைவெளியில் அடுக்குங்கள். அதற்கு மேல் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. இரண்டாம் அடுக்கு முதலாவதற்குக் குறுக்காக வர வேண்டும், மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. இரண்டு அடுக்கையும் ஒட்டித் திருகுங்கள். திருகாணி 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சிமென்ட் வரை இறங்கினால் அந்த இடம் செத்துவிடும். மேலே ஆட்டத்துக்கான வினைல் விரிப்பு.

சுவரோரம் நான்கு பக்கமும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி கட்டாயம். ஈரமான மாதங்களில் பலகை ஊதும். இடம் இல்லையென்றால் நடுவில் கூடாரம் போல எழும்பும். வேலையாட்கள் அழகுக்காக அந்த இடைவெளியைப் பூசி அடைத்துவிடுவார்கள், பக்கத்திலேயே நின்று தடுங்கள். மெத்தை ஃபோம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள், கால் புதைந்து கணுக்கால் பிசகும். மெழுகு, பவுடர், ஈரம் சொட்டும் துடைப்பம் மூன்றும் வேண்டாம். பியானோ போன்ற கனமான பொருளை இந்தத் தரையில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

ஹாலில் எக்கோ அடிக்கிறது. பேசுவது புரியவில்லை. என்ன செய்வது?

இந்தத் துன்பத்திலிருந்துதான் அரங்க ஒலியியல் என்ற துறையே பிறந்தது. 1895இல் ஹார்வர்டின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிய விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆனது. அதைச் சரிசெய்ய அழைக்கப்பட்ட இயற்பியலாளர் வாலஸ் சேபின், வேறோர் அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அளந்து, இன்றும் பயன்படும் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது விழுங்கும் ஒலியின் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வினாடியில் வரும். பேச்சுக்கு 0.6 முதல் 1 வினாடி நல்லது. சிறு குழுவின் இசைக்கு 1.2 முதல் 1.6.

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். கன அளவு 384 கன மீட்டர். சுவர், தரை, கூரை மொத்தப் பரப்பு 352 சதுர மீட்டர். பூசிய சுவரும் ஓட்டுத் தரையும் தம்மேல் படும் ஒலியில் சுமார் 5 சதவீதத்தைத்தான் விழுங்கும். ஆகவே உறிஞ்சு பரப்பு 17.6. கணக்குப் போட்டால் 3.5 வினாடி. அறுபது பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 27 கூடி 1.4 வினாடியாகும். அதோடு 50 சதுர மீட்டருக்குக் கனமான திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் இன்னும் 22 கூடி 0.9க்கு வந்துவிடும்.

திரைத்துணி சுவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும், சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளித் தொங்க வேண்டும். ஒட்டித் தொங்கினால் பாதிப் பயன் போச்சு. கம்பியில் ஓடும்படி வைத்தால் இசைக்குத் திறந்து, பேச்சுக்கு மூடிக்கொள்ளலாம். காலி ஹாலில் ஒலியைச் சோதித்துவிட்டு ஒலிபெருக்கியை அந்த அளவிலேயே விடுகிற பிழை எங்கும் நடக்கிறது. ஆட்கள் வந்ததும் ஹால் வேறு ஹாலாகிவிடும்.

முட்டை அட்டை ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாதா?

போகும். எக்கோவைக் குறைப்பது வேறு, சத்தம் வெளியேறாமல் தடுப்பது வேறு. மென்மையான பொருள் முதல் வேலையைச் செய்யும். இரண்டாவதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். முட்டை அட்டை இரண்டுக்கும் உதவாது, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

கதவின் அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் வீண். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் இறங்கும் பட்டை, முடிந்தால் நடுவில் சிறு இடம் விட்டு இரண்டாவது கதவு. தாள வாத்தியம் தரை வழியாகவே பக்கத்துக்குப் போகும் என்பதால், தடித்த ரப்பர் மேல் மேடை போட்டு அதில் வையுங்கள். ஜன்னலை அடைத்தால் காற்றுக்கு வேறு வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் இருபது நிமிடத்தில் யாராவது திறந்துவிடுவார்கள், அத்தனை செலவும் அந்த ஜன்னல் வழியாகப் போய்விடும்.

தச்சு வேலையைவிடப் பயன் தருவது ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை சத்தமான நாள்களின் பட்டியலை அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், அன்றிரவு யாராவது எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணோடு. புகார்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியவை அல்ல. எப்போது முடியும் என்று தெரியாத தவிப்பைப் பற்றியவை.

மண்பாண்டங்கள் சூளையில் வெடிக்கின்றன. உள்ளே காற்றுக் குமிழி இருப்பதாலா?

அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். வெடிக்க வைப்பது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். தடித்த மண்ணுக்குள் அகப்பட்ட ஆவி வழி தேடிப் பிளக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிள்ளைகளின் பொம்மைகள் சுவர்த் தடிமன் 1.5 செ.மீ.யைத் தாண்டாமல் உள்ளே குடையப்பட வேண்டும். மூடிய உருண்டைகளுக்கு ஊசித் துளை வேண்டும்.

முதல் சுடுதலுக்கு: 90 டிகிரி செல்சியஸ் வரை மணிக்கு 60 டிகிரி வீதம் ஏற்றி, அங்கேயே மூன்று நான்கு மணி நேரம் நிறுத்துங்கள். கொதிநிலைக்குக் கீழே ஈரம் சாதுவாக வெளியேறிவிடும். பிறகு 600 வரை மணிக்கு 100 வீதம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும் என்பதால் அந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது, ஆறும்போதும் அதே எச்சரிக்கை. அதன்பின் 1,000 வரை வேகமாக ஏற்றலாம். 100க்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். மறுநாள் கண்காட்சி என்று 250இல் திறந்தவர்கள் விரிசல் விட்ட கலங்களைத்தான் எடுத்தார்கள்.

கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசிச் சுடும்போது கலம் தட்டோடு ஒட்டிக்கொண்டால், அடிப்பகுதியைத் துடைக்கவில்லை என்று பொருள். அடியையும் அதற்கு மேல் 5 மி.மீ.யையும் ஈர ஸ்பாஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுக்குங்கள். கலங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது.

சூளைக்குத் தனி மின்இணைப்பு, எந்தச் சுவரிலிருந்தும் 45 செ.மீ. விலகல், வெளியே திறக்கும் காற்றுப் போக்கி ஆகியவை வேண்டும். முதல் சுடுதலில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். மண் அறையை ஒருபோதும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. ஈரத்துணிதான். மண் நீரைத் தொட்டியில் கொட்டினால் குழாய் சிமென்ட் போல அடைத்துக்கொள்ளும். மூன்று வாளி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கை கழுவச் சொல்லுங்கள். மறுநாள் தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு, படிந்த மண்ணை மீண்டும் பிசைந்துகொள்ளலாம்.

ஓவிய அறையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிக்கு. அந்த எண்ணெய் காய்வது காற்றோடு சேரும் வேதிவினை, அதில் வெப்பம் பிறக்கும். துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல், யாரும் தீ வைக்காமலேயே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். பலரும் இதை நம்புவதில்லை, அதனால் வாளியின் மேலேயே காரணத்தை எழுதி ஒட்டுங்கள்.

படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 148 செ.மீ. அருகே வரட்டும். ஆணியின் உயரத்துக்கு, 148ஓடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் அது சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 80 செ.மீ. உயரப் படம், கம்பி 8 செ.மீ. கீழே நின்றால்: 148 + 40 − 8 = 180. குழந்தைகளின் படங்களை 110இல் மாட்டுங்கள். அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டியவர்கள்.

நீர்வண்ணம், காகிதம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வேண்டாம். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். விளக்கொளி செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்து விழுந்தால் கண்ணாடியில் பார்ப்பவரின் நிழல் தெரியாது. படைப்பை வாங்கி வைக்கும் அன்றே அதன் நிலையைப் படம் எடுத்து, திருப்பி எடுக்கும் தேதி, விற்றால் மையத்தின் பங்கு, சேதமானால் யார் பொறுப்பு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேதி எழுதாத படங்கள் சேமிப்பறையில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

அறை வாடகையை எப்படிக் கணக்கிடுவது?

வாரம் 6 நாள், நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டில் 48 வாரம் திறந்தால் 2,880 மணி நேரம். பலர் ஆண்டுச் செலவை இந்த எண்ணால் வகுத்து வாடகை வைத்து, முதல் ஆண்டே நட்டப்படுகிறார்கள். காலை நேரங்கள் காலியாகத்தான் இருக்கும். பாதி நிரம்பினால் 1,440. அதால் வகுப்பதுதான் உண்மையான அடக்கம். அதன்மேல் மூன்று அடுக்கு வையுங்கள்: உள்ளூர்க் குழுவுக்கு அடக்கத்துக்குக் கீழே, தொடர்ந்து வகுப்பு எடுப்பவருக்கு அடக்க அளவு, நிறுவன நிகழ்ச்சிக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. சலுகை யாருக்கு என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முகம் பார்த்து முடிவு செய்தால் ஊரில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. எப்படித் தவிர்ப்பது?

பதிவேடு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், எழுதுகிறவர் ஒருவரே. வாய்மொழிப் பதிவு செல்லாது. வகுப்புகளுக்கு நடுவே 30 நிமிடம் விடுங்கள். 15 நிமிடத்தில் மேசையை மடித்துத் தரையைத் துடைக்க முடியாது. நல்ல மாலை நேரம் எல்லாவற்றையும் ஆண்டு முழுக்கக் கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கைப் புதியவர்களுக்காக வைத்திருங்கள். இல்லாவிட்டால் முதலில் வந்த ஆறு குழுக்களின் சொத்தாகிவிடும் மையம்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஏறுவழி, கதவு, கழிப்பறை?

ஏறுவழிச் சாய்வு 1க்கு 12. படி 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும், அந்த இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். கதவின் திறந்த அகலம் 90 செ.மீ., கழிப்பறையில் சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டம். பார்வையாளருக்கு இவ்வளவும் செய்துவிட்டு மேடைக்கு மட்டும் படிக்கட்டு வைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் மேடை ஏறி ஆட வந்தவராகவும் இருக்கலாம்.

குழந்தைகள் வகுப்புக்கு என்ன விதிகள்?

எப்போதும் இரண்டு பெரியவர்கள். அழைத்துப் போகிறவரின் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், சொந்தக்காரர் என்று சொன்னாலும் பிள்ளையை அனுப்பக்கூடாது. படம் எடுக்க, அதை வெளியிட இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வாங்குங்கள்.

நுழைவுக் கட்டணம் வாங்காவிட்டாலும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் அனுமதி வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். கட்டணம் இல்லை என்பது மட்டுமே படைப்பாளியின் உரிமையைத் தள்ளுபடி செய்துவிடாது. ஒத்திகை தொடங்கும் முன்பே உரிமையாளருக்கு எழுதுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் மறுப்பு வந்தால் எல்லோருடைய உழைப்பும் போகும்.

ஒரே ஆட்கள்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி வரவைப்பது?

சுவரொட்டியை அதிகமாக்கிப் பயனில்லை. முதல்முறை வருபவர் வாசலில் என்ன பார்க்கிறார் என்று நீங்களே நின்று பாருங்கள். எந்தக் கதவு, செருப்பை எங்கே விடுவது, யாரைக் கேட்பது, பொருள் கொண்டுவர வேண்டுமா என்று தெரியாததாலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். இந்த நான்குக்கும் வாசலிலேயே பெரிய எழுத்தில் பதில் இருக்கட்டும். முதல் வகுப்பு இலவசம் என்பதைவிட, முதல் வகுப்புக்குப் பொருள் எல்லாம் இங்கேயே இருக்கிறது என்பது அதிகம் இழுக்கும். வேலை நேரம் மாறி மாறி வருபவர்களுக்காக, பதிவு செய்யாமல் வரும் திறந்த நேரம் வாரம் மூன்று மணியாவது வையுங்கள்.

வருகையை எண்ணும்போது தலையை மட்டும் எண்ணாதீர்கள். இந்த மாதம் வந்தவர்களில் மூன்று மாதம் கழித்தும் வருபவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் குறியுங்கள்.

தொடங்கியவர் விலகினால் மையம் நின்றுவிடுகிறதே?

சாவி, கடவுச்சொல், மின்பலகையின் எந்த ஸ்விட்ச் எதற்கு என்ற விவரம் எல்லாம் ஒருவர் தலைக்குள் இருப்பதால்தான். ஏழு அல்லது ஒன்பது பேர் குழு, மூன்றாண்டுப் பொறுப்பு, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் மாறுவது, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதச் செலவுக்குக் கைவசம் பணம் இருக்கட்டும்.

திறப்பதற்கு ஒரு பக்கம், மூடுவதற்கு ஒரு பக்கம் பட்டியல் எழுதி வாசலருகே தொங்கவிடுங்கள். சூளை அணைந்ததா, எண்ணெய்த் துணி வாளியில் இருக்கிறதா, தப்பிக்கும் கதவின் முன் நாற்காலி இருக்கிறதா, கழிப்பறையில் யாராவது இருக்கிறார்களா என்பது வரை அதில் வரட்டும். அதை எழுதாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் ஒரு மாலை முழுக்க அவரே திறந்து மூடட்டும். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.